ஒரு சிரிப்பு பாக்கி

வேதமுத்து எடுத்த படங்களில் நானூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்து சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

சினிமாவில் அது வழக்கம். பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் நடித்த சாவு நடித்தவர் கூடவே பஸ் ஏறிவிடும் என்பார்கள். மற்ற இயக்குநர்கள் கட் சொல்லி, டீ குடித்து, யாராவது ஞாபகப்படுத்தினால் அந்தச் சிரிப்பை எடுப்பார்கள். வேதமுத்து நடுவில் கட் சொல்ல மாட்டார். பிணம் கிடக்கும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். "சிரிங்க" என்பார். பிணம் எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். பிறகுதான் கட். நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டாலும் அதில் ஏதாவது நுழைந்துவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

கடவுளும் இல்லை, பேயும் இல்லை என்று எல்லாப் பேட்டிகளிலும் சொன்னவர். சிரிப்பைப் பற்றி எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து எடுத்த முதல் படம் 'மின்மயானம் இன்று விடுமுறை'. நூறு நாள் ஓடியது. அந்தத் துணிச்சலில் 'செவ்வாயில் வாடகை வீடு' எடுத்தார். ராக்கெட்டின் ஜன்னல்களுக்கு வாஷிங் மெஷின் கதவுகளைப் பொருத்தியிருந்தார்கள். ஒரு கதவில் 'ஏழு கிலோ வரை' என்று எழுதியிருந்ததைப் படப்பிடிப்பில் யாரும் கவனிக்கவில்லை. தியேட்டரில் கவனித்தார்கள். அத்தோடு செவ்வாயிலிருந்து இறங்கிப் பேய்க்கே திரும்பினார். பேய் அவரைக் கைவிடவில்லை. மொத்தம் இருபத்திரண்டு படங்கள். சில ஓடின. சில நடந்தன. கடைசிக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் அவருடைய பழைய படங்களைத் திரையிட்டு, பயப்பட வேண்டிய இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

"பயத்தை மறைக்கத்தான் சிரிக்கிறாங்க, காஜா."

"ஆமா அண்ணாச்சி" என்றார் காஜா மைதீன். அவர் வேதமுத்துவின் புரொடக்‌ஷன் மேனேஜர். செவ்வாய்க்கும் ஆமா போட்டவர் அவர்தான்.

பிறகு எந்திரம் வந்தது. 'நிழலகம்' என்ற கம்பெனி கொண்டுவந்தது. என்ன படம் வேண்டும் என்று சொன்னால் போதும்; உலையில் அரிசி வேகும் நேரத்தில் முழுப்படம் தயார். தயாரிப்பாளர்கள் முதலில் கேமராவை விட்டார்கள். பிறகு நடிகர்களை விட்டார்கள். இயக்குநர்களை எப்போது விட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

நிழலகத்துக்குப் பேய்ப்படம் எடுக்கும் எந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. வேதமுத்துவின் படச்சுருள்களை மொத்தமாக வாங்கியது. திரைக்கு வந்ததை மட்டும் இல்லை. கேமரா முன்னால் நடந்த எல்லாவற்றையும். எந்திரம் அத்தனையையும் பார்த்தது. அதன் பிறகு நான்கு வருடம் வேதமுத்துவை யாரும் கூப்பிடவில்லை. அவரிடம் ஒரு கதை தயாராக இருந்தது. 'ஒன்பதாவது கிரகத்தில் ஓர் ஆவி.' அதை நிஜக் கேமராவில், நிஜ மனிதர்களை வைத்து எடுத்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஒரு நாள் காலையில் நிழலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

தரமணியில் கண்ணாடிக் கட்டடம். சின்னத் திரையரங்கு. கம்பெனியின் முதலாளி அபிநந்த், முப்பது வயதுக்காரர், கை குலுக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்தார். தமயந்தி என்ற பொறியாளர் விளக்கை அணைத்தாள்.

பழைய பங்களா. மழை. கதவு தானாகத் திறந்தது. வேதமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னுடைய மழைதான். தன்னுடைய கதவுதான். தான் எடுத்ததைவிட நன்றாக இருந்தது. கதாநாயகன் மாடிப்படியில் பின்வாங்கினான். இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. கத்தி இறங்கியது. அவன் சரிந்தான். கண்கள் நிலைகுத்தின. வேதமுத்துவுக்கே உடம்பு சிலிர்த்தது.

கதாநாயகன் எழுந்து உட்கார்ந்தான். திரையைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். "டீ வந்திருச்சா?" என்று கேட்டான்.

விளக்கு எரிந்தது.

"எல்லாப் படத்துலயும் இப்படித்தான் சார்" என்றாள் தமயந்தி. "யாரைக் கொன்னாலும் எழுந்திரிச்சு சிரிக்கிறாங்க."

"சிரிப்பை வெட்டிட்டுக் காட்ட வேண்டியதுதானம்மா?"

"வெட்டிட்டோம் சார். மறுபடி முதல்லேருந்து படிக்க வச்சோம். இப்ப பிணம் படுத்தே கிடக்குது. ஆனா உதடு துடிக்குது. எப்ப வேணா சிரிச்சிடும்போல. அது இதைவிட மோசம்."

"வெளிநாட்டுப் படம் ஏதாவது கலக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தோம். நம்ம மோகினி கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வருது."

மூலையிலிருந்து அபிநந்த் சொன்னார்: "சாவுன்னா என்னன்னு அதுகிட்டயே கேட்டோம் சார். சொல்லு தமயந்தி."

தமயந்தி தயங்கினாள். "'கொஞ்ச நேரம் அசையாம படுத்திருக்கிறது. அப்புறம் எழுந்து சிரிச்சிட்டு, பேட்டா வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போறது.' இதான் சார் பதில். அதுக்கு சாவுன்னா ஒரு நாள் சம்பளம்."

வேதமுத்து சிரிக்கவில்லை. அவர் பொதுவாகவே சிரிப்பதில்லை. பேய்ப்பட இயக்குநர் போட்டோவில் பல்லைக் காட்டினால் படம் படுத்துவிடும் என்று முதல் படத்தின் பி.ஆர்.ஓ. சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எந்தக் கேமரா முன்னாலும் சிரித்ததில்லை. பிறகு அதுவே முகமாகிவிட்டது.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"உங்க கையால ஒரு சாவு வேணும் சார்" என்றார் அபிநந்த். "நிஜக் கேமராவுல, சிரிப்பு இல்லாம. உங்க பாணி மாறாம. ஒண்ணே ஒண்ணு முழுசாக் கிடைச்சாப் போதும், எந்திரம் பிடிச்சுக்கும்னு தமயந்தி சொல்றா. அதைக் குடுத்தீங்கன்னா உங்க ஒன்பதாவது கிரகத்தை நாங்க எடுக்கிறோம். கேமரா, ஆளுங்க, எல்லாம் நிஜம்."

வேதமுத்து ஒப்புக்கொண்டார். ஒரு பிணம்தானே.

அந்த ஒரு பிணம் கிடைக்கவில்லை.

காஜா மைதீன் பழைய துணை நடிகர்கள் எல்லோரையும் தேடிப் போனார். படப்பிடிப்பு இல்லாமல் ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். கேமரா என்றதும் கண் கலங்கினார்கள். பிணம் என்றதும் சந்தோஷப்பட்டார்கள். சிரிக்கக் கூடாது என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் கதவைச் சாத்துவதற்கு முன் காஜாவின் குடும்பத்தாரை விசாரித்தார். அந்த விசாரிப்பு நல்லவிதமாக இல்லை.

கடைசியில் பொன்னுரங்கத்திடம் போனார்கள். பொன்னுரங்கம் வேதமுத்துவின் எல்லாப் படங்களிலும் செத்தவர். இப்போது வளசரவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி.

"இன்னா சார், நேர்ல வந்துக்கினு. சொல்லி அனுப்பினா நான் வந்து செத்திருக்க மாட்டேனா?"

"பொன்னு, ஒரு சின்ன ஷாட்டு."

"எதுல போறேன்? கத்தியா, கயிறா?"

"உன் இஷ்டம். ஆனா சிரிக்கக் கூடாது."

பொன்னுரங்கம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சார், நீங்க என்னை ரயில்ல தள்ளினீங்க. ஆசிட்ல போட்டீங்க. ஒரு தபா வாஷிங் மிஷின்ல மூஞ்சிய வுட்டீங்க. நான் ஏதாச்சும் கேட்டேனா? அல்லாத்துக்கும் அப்புறம் ஒரு சிரிப்பு. அதான் சார் என் இன்சூரன்சு."

"அதெல்லாம் மூடநம்பிக்கைய்யா."

"அப்போ நீங்க படுங்களேன்."

காஜா வேறுபக்கம் பார்த்தார். வேதமுத்து கொஞ்ச நேரம் அந்தக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுக்கிறேன்" என்றார்.

சாலிகிராமத்தில் பூட்டிக் கிடந்த ஒரு படப்பிடிப்புத் தளத்தைத் திறந்தார்கள். தமயந்தி ஒரு கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வேதமுத்து கட்டம்போட்ட சட்டையோடு தரையில் படுத்தார். விளக்கை எங்கே வைப்பது, விரல்கள் எப்படிச் சுருண்டிருக்க வேண்டும், எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே சொன்னார். முதல் டேக்கில் கால் பெருவிரல் ஆடிவிட்டது என்று அவரே கட் சொன்னார். இரண்டாவது டேக்கில் செத்தார்.

நன்றாகச் செத்தார். மார்பைப் பிடிக்கவில்லை, கண்ணைச் சுழற்றவில்லை. ஏதோ கேட்க வந்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டவர் மாதிரி முகம் நின்றுவிட்டது. தமயந்தி கட் சொல்ல மறந்துபோனாள்.

அவர் எழுந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி வெளியே நடந்தார். காஜா பின்னாலேயே ஓடினார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சிரிப்பு. கேமராவை அணைச்சிட்டாவது."

"அணைச்ச கேமரா முன்னால சிரிச்சா அது சிரிப்பு இல்ல காஜா. வெறும் பல்லு."

அந்த வாரம் முழுக்க அவர் லிப்டில் ஏறவில்லை. சாலையைக் கடக்க வேண்டிய இடங்களுக்குப் போகவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கப் போய், நன்றாக இருக்கிறது என்று சொன்ன மருத்துவரைச் சந்தேகப்பட்டு இன்னொரு மருத்துவரிடம் போனார். காலையில் இட்லியை வெகுநேரம் மென்றார். அவர் மனைவி ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"ஊரையே பேய் காட்டிப் பயமுறுத்தின மனுஷன். இப்ப இட்லியைப் பார்த்துப் பயப்படுறீங்க."

"விக்கிடக் கூடாதுன்னுதான்."

"விக்கினா தண்ணி இருக்கு."

அவர் தண்ணீரையும் ஒருமுறை பார்த்தார்.

அவர் எழுந்து போன பகுதியை வெட்டிவிட்டுக் கொடுத்ததை எந்திரம் படித்து முடித்தது. விநியோகஸ்தர்களைக் கூப்பிட்டு ஒரு முன்னோட்டக் காட்சி வைத்தார் அபிநந்த். வேதமுத்துவை முன்வரிசையில் உட்காரவைத்தார். அதே பங்களா. அதே மழை. கத்தி இறங்கியது. கதாநாயகன் சரிந்தான். கண்கள் நிலைகுத்தின. அப்படியே கிடந்தான். உதடு துடிக்கவில்லை. டீ கேட்கவில்லை. செத்தவன் செத்தவனாகவே கிடந்தான். பின்வரிசையில் ஒரு விநியோகஸ்தர் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது கிரகம் வேதமுத்துவின் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது திரையின் இடது ஓரத்திலிருந்து ஒருவர் வந்தார். நெஞ்சில் கத்தி செருகியிருந்தது. அவர் கதாநாயகனைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார். பின்னாலேயே கருகிய புடவையில் ஒரு பெண். கழுத்தில் கயிறோடு இரண்டு பேர். விண்வெளி உடையில் ஒருவர், தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. வந்துகொண்டே இருந்தார்கள். கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகிற கூட்டம் மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல். காட்சி அவர்கள் பின்னாலேயே போனது.

அடுத்த அறையில் தரையில் வேதமுத்து கிடந்தார். கட்டம்போட்ட சட்டை. விரல்கள் அவர் சொன்ன மாதிரியே சுருண்டிருந்தன.

எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நானூறு பேர். பாதிப்பேர் நிஜமாகவே காலமாகிவிட்டவர்கள். அவருடைய ஒன்பது படங்களில் தாய்ப் பேயாக நடித்த சொர்ணம், போன வருடம் வேதமுத்து மாலை போட்டுவிட்டு வந்த சொர்ணம், குனிந்தார்.

"டைரக்டர் சார். ஷாட் முடிஞ்சுடுச்சு. சிரிங்க."

கிடந்தவர் அசையவில்லை.

"சிரிங்க சார். எங்களை எல்லாம் சிரிக்க வச்சீங்கல்ல" என்றார் ரயிலில் தள்ளப்பட்டவர்.

அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை. நின்றார்கள். படம் முடியவும் இல்லை. முடியப்போவதாகவும் தெரியவில்லை. கடைசியில் அபிநந்த் போய் மின்சாரத்தை நிறுத்தினார்.

மறுநாள் தமயந்தி எந்திரத்திடம் ஒரு காதல் படம் கேட்டாள். காதலனும் காதலியும் கடற்கரையில் நடந்தார்கள். மணலில் வேதமுத்து கிடந்தார். கூட்டம் நின்றது. காதலர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைகளுக்கு ஒரு முயல் படம் கேட்டாள். முயல் காட்டைத் தாண்டி வந்து கூட்டத்தின் பின்னால் நின்று, ஒன்றும் தெரியாமல் எம்பி எம்பிப் பார்த்தது. பல்பொடி விளம்பரத்திலும் அதேதான்.

"வேலைநிறுத்தம் மாதிரி இருக்கு" என்றார் அபிநந்த். வேதமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பழையபடி திருப்பிட முடியாதாம்மா?"

"முடியும் சார்" என்றாள் தமயந்தி. "திருப்பினா எல்லாரும் சிரிக்கிறாங்க. திருப்பாட்டி எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நடுவுல ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க ஒரு தடவை சிரிச்சுட்டா கூட்டம் கலைஞ்சிடும், சாவு மட்டும் நிக்கும்னு நினைக்கிறோம்."

"என் சிரிப்பை நீங்களே செஞ்சு ஒட்ட வேண்டியதுதானே? வேற எல்லாம் செய்யுறீங்க."

"ஒட்டினோம். சொர்ணம்மா குனிஞ்சு பார்த்துட்டு, 'இது அவர் சிரிப்பு இல்ல'ன்னுட்டாங்க."

"அந்தம்மா உசிரோட இருந்தப்பவும் அப்படித்தான். ஏமாத்த முடியாது."

"தான் செஞ்சதைத் தானே நம்பக் கூடாதுன்னு எந்திரத்துக்கு நாங்கதான் சார் கட்டுப்பாடு வச்சோம். இல்லாட்டி தன் பொய்யையே படிச்சுப் படிச்சுப் பைத்தியமாயிடும். நிஜக் கேமரா பிடிச்சதை மட்டும்தான் நம்பும். நீங்க சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூட எங்கயும் கிடைக்கல."

அபிநந்த் கைகளைக் கூப்பினார். "ஒரு நிமிஷ வேலை சார். இங்கயே கேமரா இருக்கு. ஒரு சிரிப்பு."

வேதமுத்து கேமராவைப் பார்த்தார். தினமும் இட்லியை மெல்லும்போது அவர் ஆசைப்பட்டதும் அந்த ஒரு சிரிப்புக்குத்தான். சிரித்துவிட்டால் பயம் போய்விடும். லிப்டில் ஏறலாம். கன்னங்கள் தாமாகவே கொஞ்சம் அசைந்தன. அபிநந்தின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் வேதமுத்துவுக்கு ஒன்று புரிந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக, தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று இந்த ஊருக்குத் தேவைப்படுகிறது.

கன்னங்கள் நின்றன.

"முதல்ல என் படம்" என்றார்.

படப்பிடிப்பு அடுத்த மாதமே தொடங்கியது. நிஜக் கேமரா, நிஜ விளக்கு, நிஜக் கொசு. ஒன்பதாவது கிரகத்தின் முதல் பிணமாகப் பொன்னுரங்கம் விடுப்பு போட்டுவிட்டு வந்தார். ஆவி அவரைக் காற்றில்லாத வெளியில் தள்ளியது. செத்தார், எழுந்தார், சிரித்தார், டீ குடித்தார். படம் சுமாராக ஓடியது. பயப்பட வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். ஆனால் தியேட்டருக்கு வந்து சிரித்தார்கள்.

"இப்பச் சிரிங்க சார்" என்றார் அபிநந்த்.

"ரெண்டாம் பாகம் இருக்கே தம்பி."

அபிநந்த் சும்மா இருக்கவில்லை. படப்பிடிப்பில் புதிதாகச் சேர்ந்த லைட்மேன் ஓயாமல் நகைச்சுவைத் துணுக்கு சொன்னான். அவன் சட்டைப் பொத்தானில் கேமரா இருந்தது. வேதமுத்துவின் தெருமுனையில் ஒருவன் தினமும் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான். மூன்றாம் நாள் நிஜமாகவே அடிபட்டு, காஜா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சிக்னலில், வங்கியில், மருந்துக்கடையில், எங்கும் கேமரா. வேதமுத்து ஊர் முழுக்க இழவுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். பேத்தியின் ஞானஸ்நானத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். சம்பந்தி வீட்டார் அவருக்குப் பல்வலி என்று நினைத்தார்கள்.

"செத்தவராவே காலத்தை ஓட்டிடலாம்னு இருக்கீங்களா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"வேலை இருக்குதே, ஜெசி."

இரண்டாம் பாகம் முடிந்தது. மூன்றாவது படம் தொடங்கியது. வேலையில்லாமல் இருந்த துணை நடிகர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து செத்தார்கள். நிழலகத்தின் முழுநேர வேலையே வேதமுத்துவின் படங்களை எடுப்பது என்றாகிவிட்டது. எந்திரம் மட்டும் தரமணியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த தமயந்திக்கு மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் அவள் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தாள். வேதமுத்து தனியாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே, அடுத்த ஷாட்டுக்காகத் தயாராக வைத்த கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். அல்லது அணைக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் நிக்கிறாங்களாம்மா?"

"நின்னு நின்னு கால் வலிச்சு உக்காந்துட்டாங்க சார். சொர்ணம்மா எல்லாரையும் வரிசையா உக்கார வச்சிருக்காங்க. முயல் நடுவுல."

"எவ்வளவு நாளுக்குத்தான் காத்திருப்பாங்க?"

"தெரியல சார். நான் ஒண்ணு சொல்லணும். நாங்க சொல்லிக் குடுக்கல. உங்க படத்துல எங்கயும் அப்படி ஒரு காட்சியும் இல்ல. அந்தக் கடற்கரைப் படத்துல வெயில் ஏறிடுச்சு. உங்க முகத்துல படுதுன்னு ஒருத்தர் எங்கயோ போய் ஒரு குடை கொண்டாந்தார். பிடிச்சுக்கிட்டே நிக்கிறார். கை வலிச்சா அடுத்தவர் வாங்கிக்கிறார். முறை வச்சுப் பிடிக்கிறாங்க சார்."

வேதமுத்து மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப யாரு முறை?"

"நான் கிளம்பும்போது அந்த வாஷிங் மெஷின் ஆளு."

அவர் எழுந்தார். கேமராவைத் தாண்டித் தளத்தின் கோடிக்குப் போனார். ஒன்பதாவது கிரகத்தின் வானத்துக்குக் கறுப்பு அடித்திருந்த சுவர் அங்கே இருந்தது. அதில் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்குவதைத் தமயந்தி பார்த்தாள். அழுகிறாரோ என்று பதறி ஓரடி எடுத்து வைத்தாள்.

"அங்கயே நில்லும்மா" என்றார் வேதமுத்து, திரும்பாமல். "அந்தக் கேமராவை முதல்ல அணை."

அவள் கேமராவைப் பார்த்தாள். அவருடைய முதுகைப் பார்த்தாள். கேமராவிடம் போனாள். அதைத் தூக்கி அவர் பக்கம் கொண்டுபோக ஆறேழு அடிதான் இருக்கும். கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு அணைத்தாள்.

"அணைச்சிட்டேன் சார்."

"நிஜமா?"

"நிஜமா. பாக்கி ரெண்டு பாட்டும் ஒரு சண்டையும் இருக்கே. எடுத்து முடிங்க."

அவர் திரும்பினார். நாற்பது வருடத்தில் யாரும் பார்த்திராத பற்கள். முன்பல் ஒன்று கோணலாக இருந்தது.